கேள்வி-பதில்: கோட்டும் நாகலிங்கமும்

வாசகர், திருவண்டார்கோயில்: சித்திரையில் எனக்குக் கல்யாணம். கோட்டு சூட்டு தைக்கலாமா, பட்டு வேட்டியே போதுமா?

விழுப்புரம் சாலையில் தார் உருகுகிற மாதத்தில், எதிரே ஓமகுண்டம் எரிய, பின்னே உறவினர் நெருக்க, மேலே வீடியோக்காரர் விளக்கைப் பிடிக்க, இத்தனை உஷ்ணத்துக்கும் நடுவில் கோட்டுக்குள் புகுந்துகொண்டு ஒருவர் தாலி கட்டுவாராகில், அவர் கன்னத்தில் வழிவது ஆனந்த பாஷ்பமா வியர்வையா என்று மணமகளே சந்தேகிப்பாள். வேட்டியின்மீது எனக்குள்ள பட்சபாதம் இப்பகுதியின் வாசகர்களுக்குப் புதிதன்று. காற்றுக்கு வரவும் போகவும் வழிவிட்ட ராஜ உடை உலகில் அது ஒன்றே.

வாசகி, மதகடிப்பட்டு: திருபுவனம் பட்டு உங்கள் ஊரில் எந்தக் கடையில் மலிவு?

அந்தத் திருபுவனம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் திருபுவனைக்குப் பேர் வாங்கித் தந்தது கூட்டுறவு நூற்பாலை. பட்டுக்குப் பஸ் ஏறுங்கள்.

இளம் வக்கீல், வில்லியனூர்: கறுப்புக் கோட்டிலிருந்து எங்களுக்கு விமோசனமே கிடையாதா?

கோடையில் கீழ்க்கோர்ட்டுகளில் அது கட்டாயமன்று என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. கழற்ற மனம் வராதது தங்களுக்குத்தான். ஆனால் புதுச்சேரி நீதிமன்றத்தில் உடுப்பால் நேர்ந்த விபரீதங்களுள் தலையாயது தலையைப் பற்றியதன்று, காலைப் பற்றியது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வக்கீல், ஐரோப்பியர் அணியும் தோல் காலணியும் காலுறையும் அணிந்து கோர்ட்டில் பிரசன்னமாக, இந்தியர் பாதத்துக்கு அந்தப் பாக்கியம் தகாது என்று கருதிய நீதிபதி அவருக்கு அபராதம் விதித்தார். பிள்ளையவர்கள் காலணியையும் கழற்றவில்லை, வழக்கையும் கைவிடவில்லை. கடல் கடந்து பாரிஸ் மாநகரத்து உச்ச நீதிமன்றம் வரை அப்பீல் செய்து ஜெயித்தார். ஒரு ஜோடி காலணியின் பொருட்டு இத்தனை சட்ட புஸ்தகங்கள் புரட்டப்பட்டது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. வேட்டிக் கட்சிக்காரனாகிய நானும் இந்த ஒரு விஷயத்தில் பூட்ஸுக்கே வோட்டுப் போடுவேன்: எதை உடுப்பது என்பது உடுப்பவன் இஷ்டம், கழற்று என்று அதிகாரம் கட்டளையிடும்போது, அதுவரை அலங்காரமாயிருந்தது உரிமையாகிவிடுகிறது.

வாசகர், அரியூர்: வில்லியனூர்த் தேர் இழுக்கக் கவர்னர் எந்த உடையில் வருவது உசிதம்?

பிரெஞ்சுக்கார கவர்னர்களே வடம் பிடித்த தேர் அது. உடையைப் பார்த்து நகர்கிற வழக்கம் அதற்கு இல்லை.

வாசகி, திருபுவனை: உறவினர் ஊர்க் கோயிலில் ஒரு மரம் கண்டேன். கிளையில் பூக்காமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கிறது. என்ன பூ அது?

பேஷ்! இம்மாதத்தின் உத்தமமான கேள்வி. தாங்கள் கண்டது நாகலிங்கப் பூ. தடித்த ஆறு இதழ்களுக்கு நடுவே சிவலிங்கம்போல் ஒரு மேடு, அதற்குமேல் படமெடுத்து வளைந்த குடை. இவற்றைக் கண்ட நம்மவர்கள் இது கைலாயத்திலிருந்து நேராக இறங்கிய மரம் என்று தீர்மானித்ததில் ஆச்சரியமில்லை. உண்மையில் இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரெஞ்சு கயானாவில் இதைப் பார்த்து 1775-ல் சாஸ்திரீயப் பெயர் சூட்டியவர் ஓப்லே என்னும் பிரெஞ்சுக்காரர். வந்தேறியே ஆனாலும் இன்று புதுச்சேரியின் மாநில மலர் இதுதான். ரேஷன் அட்டை வாங்கவே அலைகிற நமக்கு இதன் அதிர்ஷ்டம் எங்கே!

அடுத்த முறை குனிந்து பாருங்கள். குடையிலும் மகரந்தம் உண்டு, லிங்கத்தைச் சுற்றிய வளையத்திலும் உண்டு. இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்கு ஆகாரம் குடையிலுள்ள மகரந்தம், அது முளைக்காது. விருந்துண்கிற வண்டின் உடம்பில் அதற்குத் தெரியாமலே ஒட்டிக்கொள்ளும் வளையத்து மகரந்தம்தான் வம்சத்தை விருத்தி செய்வது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்து வோட்டு வாங்குகிற வித்தையை இந்த மரத்திடம்தான் கற்றார்களோ என்னவோ! பூவின் வாசனை திவ்வியம்; பீரங்கிக் குண்டு போன்ற காயைப் பிளந்தாலோ துர்நாற்றம். மரத்தடியில் நின்று தியானம் செய்யாதீர்கள்.

மாணவி, திருபுவனைப் பாளையம்: கல்லூரியில் சேரப்போகிறேன். பள்ளியில் சீருடை இருந்தது. இனி நல்ல துணி என்று எனக்கு இரண்டே செட்தான். சிரிப்பார்களோ என்று பயமாயிருக்கிறது.

அம்மா, நம் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய் அதன் சுவர்களைப் பாருங்கள். இராஜாதிராஜ சோழன் காலத்தில், 1048-ல் வெட்டிய கல்வெட்டு ஒன்றில் இங்கே நடந்த கல்விச்சாலையின் கணக்கு இருக்கிறது: மாணவர் 260 பேர், ஆசிரியர் 12 பேர், அவர்களுக்கு அளக்கவேண்டிய நெல். படிக்க வந்த பிள்ளை பசியோடு இருக்கலாகாது என்று கவலைப்பட்ட ஊர் இது. ஒன்றைத் துவைத்து ஒன்றை உடுத்துங்கள். முதல் வாரத்தில் எவளாவது உங்கள் சுடிதாரை எண்ணலாம். பரீட்சை நெருங்கும்போது அவளே உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வருவாள். அப்போது பழையதை மனத்தில் வைக்காமல் கொடுங்கள். பண உதவி தேவையானால் கூச்சப்படாமல் ஆசிரியரிடம் கேளுங்கள், கேட்பது அவமானமன்று.

வாசகர், நெட்டப்பாக்கம்: நேரு ரோஜா செருகியதுபோல நான் சட்டையில் நாகலிங்கப் பூவைச் செருகலாமா?

தாராளமாக. காயைச் செருகாத வரையில் ஆட்சேபம் இல்லை.