பத்துக்குப் பத்து

இந்த ரவுட்டர் மாமாக்களுக்கு வீட்டில் நெட் வந்தால் மட்டும் போதாது, மார்க்கும் வர வேண்டும். ஐபிவி6 என்னும் புது இணைய முகவரி முறை ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பத்துக்கு இத்தனை என்று போடும் இணையதளம் ஒன்று இருக்கிறதே, அதுதான் அவர்களுக்குக் குலதெய்வம். பெண்ணாடத்தில் எங்களுக்கு வாய்த்த மாமா, படிக்கிற காலத்தில் பாஸ் மார்க்குக்கு மேல் ஆசைப்பட்டவரே இல்லை. இப்போது சைபர் வந்தால் சோறு இறங்குவதில்லை.

சைபர் வந்ததும் அக்காவிடம் ஊக்கு கேட்பார். அக்கா புடவையிலிருந்து கழற்றித் தர வேண்டும். அதை நிமிர்த்தி, ரவுட்டரின் முதுகிலுள்ள ரீசெட் ஓட்டையில் குத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். 192.168.1.1, அட்மின், அட்மின். வைஃபைக்குப் புது பாஸ்வேர்டு. மறுபடி டெஸ்ட், மறுபடி சைபர். அதற்கும் மசியாவிட்டால் மெயின் பாக்ஸிலிருக்கும் விருத்தாசலம் பீங்கான் பியூஸ் கட்டையையே பிடுங்கிவிடுவார். சுவிட்சை அணைத்தால் "கரண்டு முழுசா இறங்காது" என்பது அவர் கண்டுபிடிப்பு. கிரைண்டரில் மாவு பாதியில் நிற்கும்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பழைய ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே முகவரிக்குப் பின்னால் தெருவையே அடைத்து வைக்கிறார்கள். மாட்டுக்கொட்டகைக் கேமராவை வெளியூரிலிருந்து நேராக எட்டிப் பார்க்க வழியில்லை. பசு கன்று போட்டதை துபாயிலிருக்கும் பையன் பார்க்கட்டும் என்றுதான் மாமா ஐபிவி6-இல் இறங்கினார். அதைச் சொல்லும்போது மனுஷன்மேல் கோபமே வராது.

அதோடு விடுகிறாரா? "நம்ம வீட்டுக்கு மட்டும் எத்தனை அட்ரஸு தெரியுமா தம்பி? இருபது இலக்கம்!" தூங்கானை மாடக் கோயிலுக்குப் பின்னால் என்று எழுதினாலே தபால் வந்து சேரும் ஊரில், மூன்று போனும் ஒரு டிவியும் இருக்கிற வீட்டுக்கு!

அந்த அட்ரஸுகளுக்காகக் கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "பிரீபிக்ஸ் டெலிகேஷன் குடுக்கிறியா, இல்லையா?" என்றார்.

"நெட்டு வருதாண்ணே?"

"வருது."

"அப்புறம் என்னண்ணே?"

ஆயாவின் ஜியோ சிம் போட்ட போனில் அதே டெஸ்ட்டை ஓட்டிக் காட்டினேன். பத்துக்குப் பத்து. 2016-இல் வந்ததிலிருந்தே ஜியோ ஐபிவி6 தருகிறது. ஆயா யூடியூபில் பட்டிமன்றம் பார்ப்பதெல்லாம் அதன் வழியேதான். மாமா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொபைல் கணக்குல வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாதாமாதம் பைபருக்குப் பணம் கட்டுகிற வீட்டில் நாங்கள் அத்தனை பேரும் மொபைல் டேட்டாவில் காலம் தள்ளுகிறோம். மாமாவுக்கே நான்தான் ஹாட்ஸ்பாட் போட்டுத் தருகிறேன். மார்க் ஏன் குறைந்தது என்று தேடிப் பார்க்க அவருக்கு நெட் வேண்டுமாம்.