கொஞ்சம் குடிப்பார்

"அப்பா, அவர் கொஞ்சம் குடிப்பார். கண்டுக்காதீங்க" என்று மகன் எஸ்போவிலிருந்து போனில் சொன்னபோது, 'கொஞ்சம்' என்பது உலகம் முழுக்க ஒரே அளவுதான் என்று நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் கொஞ்சம் என்றால் குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பது. மகனோடு வேலை பார்க்கும் பின்லாந்துக்காரர் ஜனவரியில் பன்னிரண்டு நாள் எங்கள் குரோம்பேட்டை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அந்த மாதத்தில் அங்கே பகலே ஆறேழு மணி நேரம்தானாம். வெயில் காய வருகிறார் என்று நினைத்தோம். வெயிலும் காய்ந்தார்.

வந்த அன்றே பெட்டியைத் திறந்து, விமானப் பயணி ஒருவருக்குச் சட்டம் அனுமதிக்கும் இரண்டு லிட்டரையும் கூடத்து டீப்பாயில் வைத்தார். ஒரு பாட்டில் தண்ணீர் நிறம், இன்னொன்று தார் நிறம். என் மனைவி இரண்டையும் எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். அவர் தேடிப்பிடித்து மறுபடி டீப்பாயில் வைத்தார். மூன்று நாள் இப்படியே நடந்தது. இரு தரப்பும் இதுபற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பின்லாந்துக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் என் மனைவியும் பாதி பின்லாந்துக்காரிதான்.

மனிதர் எதையும் குடிப்பார். காலையில் ஃபில்டர் காபி ஐந்து தம்ளர். தலைக்கு அதிகம் காபி செலவழிக்கும் நாடுகளில் அவர்கள் நாடு முன்வரிசை என்று பிறகு தெரிந்தது. மதியச் சாப்பாட்டோடு ஒரு சொம்பு பால். அது அவர்கள் ஊர் வழக்கமாம். சாம்பார் சாதத்தையும் பாலையும் ஒரே வாயில் பார்த்த என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ரசம், அதையும் தம்ளரில். பிறகு மோர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பீர் தொடங்கினால் பத்தரைக்கு நிற்கும். நடுவில் குரல் உயராது, வேட்டி அவிழாது, பழைய காதலி நினைவுக்கு வர மாட்டாள். முடித்ததும் தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பெயரைச் சொல்லி குட்நைட் சொல்வார். வயது வித்தியாசமில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவர்கள் வழக்கம். என் மனைவி முப்பத்தைந்து வருஷமாகச் செய்யாததை அவர் மூன்றே நாளில் செய்துவிட்டார்.

வங்கியில் கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்கினேன். முதல் நாள், பீர் ஆறு. இரண்டாம் நாள் ஏழு, அதுபோக வெள்ளைப் பாட்டிலில் நாலு விரல். ஓரத்தில் "அந்த நாடே இப்படித்தான்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஐம்பத்தைந்து லட்சம் பேருக்கு இரண்டு நாள் வரவு செலவை வைத்துத் தணிக்கை முடித்தாயிற்று.

மூன்றாம் நாள் பீர் தீர்ந்தது. விருந்தாளியைக் கடைக்கு அனுப்பலாகாது என்பதால் நானே கிளம்பினேன். நடந்துதான் போனேன் என்றாலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். அவரும் கூடவே வந்தார், என் மனைவி கொடுத்த நீலக் கட்டம் போட்ட லுங்கியில். கம்பிக்கதவின் இடுக்கில் ஏழெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் நுழைவதைப் பார்த்து, "இது யாருடைய கடை?" என்று கேட்டார். அரசாங்கத்தினுடையது, 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக்தான் என்றேன். மனிதர் முகத்தில் சொந்தக்காரனைக் கண்ட மலர்ச்சி. அவர்கள் ஊரிலும் கடுமையான சரக்கை அரசாங்கம்தான் விற்கிறது. கடைக்குப் பெயர் ஆல்கோ. ஞாயிற்றுக்கிழமை லீவு. 1919-இல் மதுவிலக்குக் கொண்டுவந்து, எஸ்தோனியாப் பக்கமிருந்து கடல்வழியாகக் கள்ளச் சாராயம் வந்து குவிந்து, மருந்து என்று டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்து, 1932-இல் கைவிட்டுவிட்டார்களாம். கடை திறந்தது 5.4.32 காலை 10 மணிக்கு. எண்களைச் சேர்த்து எழுதினால் 543210. ராக்கெட் விடுவதுபோல எண்ணிக்கொண்டே திறந்திருக்கிறார்கள்.

நானும் விடவில்லை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மூடியதில் ஆரம்பித்து, 1971-இல் திறந்தது, 1974-இல் மூடியது, 1981-இல் மறுபடி திறந்தது என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சொல்லி முடித்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு முடிவெடுப்பது கஷ்டம் போலிருக்கிறது" என்றார்.

கடைக்காரர் பழைய நாளிதழில் பாட்டில்களைச் சுருட்டிக் கொடுத்தார். இவர் ஒவ்வொன்றாகப் பிரித்து, காகிதத்தை நீவி மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டார். வீண் பொட்டலம் எதற்கு என்ற நல்லெண்ணம். கையில் ஆறு பாட்டில் வெயிலில் பளபளக்க அவர் முன்னால் போக, நான் அந்த ஆளை யாரென்றே தெரியாதவன்போல இருபதடி பின்னால் போனேன். அப்புறம் லுங்கியோடு வாசல் வராந்தாவில் சேரைப் போட்டு உட்கார்ந்தார். எங்கும் போகிற உத்தேசமில்லாமல் வீட்டிலேயே உள்ளாடையோடு உட்கார்ந்து குடிப்பதற்கென்றே அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, கால்சாரிகான்னித். 2015-இல் அந்நாட்டு வெளியுறவுத் துறை தேசத்தின் அடையாளங்களாக வெளியிட்ட பொம்மைப் படங்களில் அதற்கும் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதற்குத் தனிச்சொல் இல்லை. காரியம் இருக்கிறது.

தெருவே அந்த வழியாக ஒருமுறை நடந்துபோனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், அந்தக் கடையை அகற்றச் சொல்லி இரண்டு மனுக் கொடுத்தவர், "யார் சார் இது?" என்று விசாரிக்க வந்து ஒன்பது மணி வரை விசாரித்தார்.

திருவள்ளுவர் தினத்தன்று கடை மூடல். கள்ளுண்ணாமை என்று பத்துக் குறள் எழுதிய கவிஞருக்காக மாநிலம் முழுக்க அன்று விற்பனை இல்லை என்று விளக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது. முந்தின நாள் கடைவாசலில் கூட்டம் நின்றதை அவரே பார்த்துவிட்டதால் அதைச் சொல்லவில்லை. அவர் யோசித்துவிட்டு, "எங்களுக்கும் ஒரு கவிஞர் இருக்கிறார், ரூனெபெரி. பிப்ரவரி 5 அவர் நாள்" என்றார். அன்றைக்கு என்ன செய்வீர்கள்? "ரம்மில் நனைத்த கேக் சாப்பிடுவோம்."

இந்த நேரத்தில்தான் கேட்டேன், உங்கள் ஊரில் எல்லோருமே இப்படியா என்று. அவருக்கு முதல்முறையாக ரோஷம் வந்தது. "நாங்களா? நீங்கள் ரஷ்யர்களைப் பார்த்ததில்லை." மகனிடம் போனில் சொன்னேன். அவன் ஆபீஸில் ஒரு ரஷ்யர் உண்டு. அவரோ, "நாங்களா? அந்தக் காலத்தில் லெனின்கிராடுக்கு வோட்கா குடிக்கவென்றே பஸ் பிடித்து வந்தவர்கள் இவர்கள்தான்" என்றாராம். ரஷ்யாவில் 2003-க்கும் 2016-க்கும் நடுவில் தலைக்குக் குடிக்கும் அளவு 43 சதவீதம் குறைந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது என்று மகன் சேர்த்துக்கொண்டான். பின்லாந்துக்காரர்கள் இப்போது போவது எஸ்தோனியாவுக்கு. ஹெல்சின்கியிலிருந்து தாலினுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம், சரக்கு மலிவு, திரும்பும்போது தள்ளுவண்டி நிறையப் பெட்டிகள். எஸ்தோனியாவில் வரி ஏறியபோது அந்த ஊர்க்காரர்கள் லாத்வியா எல்லைக்குப் போனார்கள். நார்வேக்காரர் சுவீடனுக்கு, சுவீடன்காரர் டென்மார்க்குக்கு. தாலின் ஓட்டல் சிப்பந்தி ஒருவரிடம் பின்லாந்துக்காரர் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்? புதுச்சேரியில் சனிக்கிழமை ராத்திரி பார் நடத்துகிறவரிடம் சென்னைக்காரர் எப்படி என்று கேட்டால் சொல்வதைத்தான் சொல்வார்.

விருந்தாளி நம்மைப் பற்றிக் கேட்டார். இந்தியா குடிக்காத நாடு என்றேன். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 19 பேர்தான் குடிக்கிறார்கள், பெண்களில் ஒருவர். அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் கரூரிலிருந்து என் மைத்துனர் பொங்கல் சீரோடு வந்து இறங்கினார். "மாமா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லிக்கொண்டே டீப்பாயைப் பார்த்தார். விருந்தாளி மரியாதையாக ஒரு தம்ளர் நீட்ட, "சே சே, பழக்கமே இல்லீங்க" என்று மறுத்தார். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரையும் காணோம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றபடி, ஒரு கையில் மாங்காய்த் துண்டோடு, வெள்ளைப் பாட்டிலில் மிச்சமிருந்ததை மைத்துனர் மூன்று மடக்கில் முடித்துக்கொண்டிருந்தார். குடிக்காத நாலு பேர் பங்கையும் சேர்த்துக் குடித்தால்தான் கணக்கெடுப்பு நேராகும் என்பதுபோல இருந்தது. பக்கத்தில் நின்ற பின்லாந்துக்காரர் அரண்டுபோய், "உட்கார மாட்டீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மைத்துனரின் கணக்கை நான் நோட்டில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் ஓரத்தில் "தமிழ்நாடே இப்படித்தான்" என்று எழுதியிருக்க மாட்டேன். அவர் ஏதோ மனக்கஷ்டத்தில் குடிக்கிறார் என்பது எங்கள் குடும்பத்தின் இருபது வருஷத் தீர்மானம்.

கறுப்புப் பாட்டில் மட்டும் பாக்கி இருந்தது. அதை அவர் திறந்ததும் வாசனை பிடித்துக்கொண்டு என் அம்மா எழுந்து வந்தாள். வயது எண்பத்து மூன்று. "தம்பி, இது அதிமதுரம்ல?" அதிமதுரமேதான். கூட நவச்சாரம். சால்மியாக்கி என்று அதை மிட்டாயாகவும் தின்கிறார்கள், வோட்காவில் கரைத்தும் விற்கிறார்கள். பாட்டிலில் முப்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் என்று பொடியெழுத்தில் இருந்ததை நான் கண்ணாடி போட்டுப் படித்து முடிப்பதற்குள் அம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு, கண்ணை மூடி, "நாட்டு மருந்துக் கடையில இப்பல்லாம் இப்படி அசல் சரக்கு எங்க கிடைக்குது" என்றாள். மார்கழிப் பனியிலிருந்து விடாமல் படுத்திய இருமல் அன்று ராத்திரி வரவில்லை. மறுநாள் எட்டு மணிக்குக் கரண்டியோடு தானே வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் கரண்டி இல்லை, சின்ன டவரா.

விருந்தாளி ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து மகன் பேசினான். "அப்பா, ஆபீஸ்ல என்னைப் பாத்து எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கறாங்க. தமிழ்நாட்டுல ஆம்பளைங்க மொட்டை மாடில ஒளிஞ்சு குடிப்பாங்க, பாட்டிங்க மட்டும் கூடத்துல உக்காந்து கௌரவமா குடிப்பாங்கன்னு இவர் சொல்லி வச்சிருக்கார். அடுத்த தடவை வர்றப்போ பாட்டிக்கு எத்தனை லிட்டர்னு கேக்கறார்."

அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லும்படி உரக்கவே சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா இருமினாள்.