மரப்பட்டை பார்க்க நீலகிரிக்கு

ஊட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மே மாதத்தில் போகிறார்கள், பூக்களைப் பார்க்கிறார்கள், திரும்புகிறார்கள். 1896இல் தொடங்கிய மலர்க்காட்சி இந்தப் பழக்கத்தை நன்றாக வேரூன்றச் செய்துவிட்டது. இக்கட்டுரையின் துணிபு வேறு. நீலகிரிப் பூங்காக்களில் பார்க்கத் தகுந்த முதற்பொருள் மரப்பட்டை. பூ அதற்கு அடுத்தது.

காட்சிக்கான பூச்செடிகள் அந்தப் பருவத்துக்கென்றே தொட்டியிலும் பாத்தியிலும் வளர்க்கப்படுகின்றன. பருவம் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். மரம் அங்கேயே நிற்கிறது. அதன் பட்டையில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மழையும் வெயிலும் பனியும் பதிந்திருக்கின்றன. பார்க்கச் சீசன் வேண்டாம், கூட்டத்தில் நெரிபடவும் வேண்டாம்.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் வரலாறே இந்தத் துணிபுக்குச் சாட்சி. முதலில் அங்கே இருந்தது, அன்றைய ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு நடத்திய காய்கறித் தோட்டம். 1848இல் அதைப் பூங்காவாக உருவாக்கத் தொடங்கியவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்தவர். தோட்டக்கலை உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது பூவுக்காக அல்ல, சின்கோனா பட்டைக்காக. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அந்தப் பட்டையில் இருக்கிறது. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்தபோது, நீலகிரியில் அதை வளர்த்தெடுக்கும் பொறுப்பு மெக்கைவரிடம் வந்தது. பட்டைக்காக மரத்தையே வெட்டுவதுதான் அதுவரை வழக்கம். அவர் பட்டையை நெடுக்குவாட்டில் கீற்றுக் கீற்றாக உரித்தார். இடையிடையே சிறிது விட்டுவைத்தார். உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். புதுப் பட்டை வளர்ந்தது, அதில் மருந்துச் சத்தும் கூடியிருந்தது. ஒரு மரத்தைக் கொல்லாமல் அதனிடமிருந்து மருந்து வாங்கும் வழியைக் கண்டவர் அமைத்த தோட்டத்தில், பட்டையைப் பார்க்காமல் வருவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

பட்டை என்பது என்ன? மரம் ஆண்டுதோறும் உள்ளிருந்து பருக்கிறது. வெளியே இருப்பது செத்த திசு, அதனால் விரிய முடியாது. ஆகவே வெடிக்கிறது, உரிகிறது, செதிலாகிறது, அல்லது தடித்துக்கொண்டே போகிறது. இவற்றில் எந்த வழி என்பதை மரத்தின் பிறந்த நாடும் அங்கே அது சந்தித்த ஆபத்தும் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன. ஊட்டிப் பூங்காவில் இதற்கான மரங்கள் ஒரே நடையில் கிடைக்கின்றன.

அங்குள்ள தக்கை மரம் மத்தியதரைக் கடலோரத்தைச் சேர்ந்த ஓக் வகை. காட்டுத்தீ அடிக்கடி வரும் நிலம் அது. தீ உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்தத் தடித்த தக்கை. போர்ச்சுகலில் ஏறத்தாழ 25 வயதான மரத்தில் முதல் உரிப்பு, பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. பாட்டில் மூடியாக நம் கைக்கு வருவது இதுதான். காகிதப்பட்டை மரம் ஆஸ்திரேலியாவுடையது. தாள் தாளாக அடுக்கிய பட்டையில் அந்நாட்டுப் பழங்குடிகள் உணவைச் சுற்றினார்கள், குழந்தை படுக்க விரித்தார்கள். குரங்குகள் ஏறத் தயங்கும் என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற சிலி நாட்டு அரவுகேரியா மூன்றாவது. கிளைகள் உதிர்ந்த தழும்புகளோடு அதன் முதிர்ந்த அடிமரம் யானைக் காலைப் போல இருக்கும். ஆண்டீஸ் எரிமலைச் சரிவுகளில் நெருப்புக்கு ஈடுகொடுத்த மரம் அது. ஊட்டிப் பூங்காவில் கிடத்தியிருக்கும் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரத்தையும் தவறவிடாதீர்கள். தாதுக்கள் புகுந்து மரத்தைக் கல்லாக்கியும் மரமென்று சொல்லும்படி உருவத்தை விட்டுவைத்திருக்கின்றன.

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். 1874இல் ஜே. டி. சிம்மும் மேஜர் மரேயும் பள்ளத்தாக்கின் சரிவிலேயே, அங்கிருந்த சோலை மரங்கள் பலவற்றை விட்டுவைத்து, சுமார் 12 ஹெக்டேரில் அமைத்த இடம் அது. அயல்மரமும் சொந்த மரமும் அருகருகே நிற்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சோலை மரங்களின் பட்டை தனியாகத் தெரிவது அரிது. பாசியும் கற்பாசியும் அதைப் போர்த்தியிருக்கும். மூடுபனியின் ஈரத்தைப் பிடித்து வைப்பவை அவைதாம். உருத்திராட்ச மரத்தருகே போகிறவர்கள் கொட்டை தேடிக் குனிகிறார்கள். அடிமரத்தையும் ஒரு நிமிடம் பார்க்கட்டும். மரப்பெரணி ஒரு விதிவிலக்கு. மரம்போல் நின்றாலும் அதற்கு மெய்யான பட்டை கிடையாது. இலைத் தழும்பும் பின்னிய வேர்நாரும் சேர்ந்துதான் அந்தத் தண்டைப் போர்த்தியிருக்கின்றன.

ஊட்டி ரோஜாப் பூங்கா 1995இல் நூறாவது மலர்க்காட்சியை ஒட்டி உருவானது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006இல் அதற்கு விருது தந்தது. அழகான இடம். ஆனால் நம் ஆய்வுக்குரிய பொருள் அங்கே குறைவு.

பூங்காவுக்கு வெளியே சாலையோரத்தில் கற்பூர மரங்களின் (யூகலிப்டஸ்) பட்டை நீள நீளமாகத் தொங்குவதைக் காணலாம். தோல் பதனிடும் துவர்ச்சத்துக்காகச் சீகை (வாட்டில்) மரத்தை மலையெங்கும் நட்டார்கள். இந்த இரண்டும் பரவிய இடங்களில் புல்வெளிகள் சுருங்கின. மிச்சமிருக்கும் புல்வெளியில் தனியாக நிற்கும் காட்டுப்பூவரசைத் தேடிப் பாருங்கள். சிவந்த பூவுக்காக எல்லோரும் அதைப் படமெடுக்கிறார்கள். புல்வெளித் தீயில் மற்ற மரங்களின் கன்றுகள் கருகும்போது அதைப் பிழைக்க வைப்பது பிளவோடிய தடித்த பட்டை. நீலகிரியின் சொந்தப் பட்டை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

மழை நின்ற அரைமணி நேரத்துக்குள் பார்ப்பது உத்தமம். நனைந்த பட்டையில்தான் பச்சையும் செம்மையும் சாம்பலும் பிரிந்து தெரியும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை நான் மே மாதத்துக்கு மேலாக வைக்கிறேன். வண்டியில் போகிறவர்கள் 2024 மே முதல் கட்டாயமாகியுள்ள இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பத்தடி தள்ளி நின்று முழு அடிமரத்தையும் பார்க்க வேண்டும். பிறகு நெருங்கிப் போய் உள்ளங்கையை மெல்ல வைக்கலாம். நகத்தால் உரிக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய குற்றம் பெயர் செதுக்குவது. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையின் உட்பக்கத்தில்தான் ஓடுகிறது. கத்தியோ சாவியோ அந்தப் பாதையை அறுக்கிறது, காளானுக்கும் பூச்சிக்கும் வாசல் திறக்கிறது. சுற்றிலும் ஒரு வளையமாக அறுபட்டால் பெரும்பாலும் முழு மரமும் பட்டுப்போகும். உரித்த இடத்தைப் பாசி வைத்துக் கட்டிக் காப்பாற்ற இன்று மெக்கைவர் இல்லை. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை மரத்தடியிலேயே நிறுத்தி அவர்களுக்குச் சொல்லுங்கள். யாராவது செதுக்கக் கண்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.