அபராதம் கட்டிக் கடன் அடைத்த காலம்

வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்ட வந்தவரிடம் அபராதம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று முப்பது வயதில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். என் அப்பா கட்டிய அபராதத்தின் ரசீது, கார்பன் தாள் நகலாக, இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்பா பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியர். 1994 ஏப்ரலில் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் ஒன்றரை லட்சம் வாங்கினார். வட்டி 15 சதவீதம், காலம் 15 ஆண்டு, மாதத் தவணை 2,138 ரூபாய். அன்று அது குறை சொல்லும்படியான வட்டி அல்ல. கடன் கிடைத்ததே பெரிது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

முதல் வருடக் கணக்குத் தாள் தபாலில் வந்த நாளில்தான் வீட்டின் போக்கு மாறியது. கட்டியது 25,656. வட்டிக்குப் போனது 22,500. அசலில் கழிந்தது 3,156. அம்மா அந்தக் கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தபடி, "வருசம் பூராக் கெட்டுனதுக்கு மூவாயிரந்தானா?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் பல நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் அசலைக் கழிக்கும். ஏப்ரலில் கட்டிய தவணையில் அசலுக்குச் சேர வேண்டிய பங்கும் அடுத்த மார்ச் 31 வரை சும்மா கிடக்கும். அதுவரை முழு அசலுக்கும் வட்டி ஓடும். கட்டிவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டினோம் என்பதுதான் அதன் பொருள். இப்போது வங்கிகள் மாதந்தோறும், சில இடங்களில் தினந்தோறும், குறையும் நிலுவைக்குத்தான் வட்டி போடுகின்றன. சத்தமில்லாமல் நடந்த இந்த மாற்றம் கடன் வாங்கியவர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை.

அம்மா சீட்டுச் சேர்ந்தாள். வெளிச்சுவருக்கு வர்ணம் பூசாமல் சிமெண்ட் பூச்சோடு விட்டோம். யாராவது கேட்டால் அப்பா, "பத்திரம் நம்ம பீரோவுக்கு வரட்டும், அப்புறம் பெயிண்ட் அடிச்சுக்கிடலாம்" என்பார். 1998ல் சீட்டு எடுத்த பணம் இருபதாயிரத்தோடு அப்பாவும் நானும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். இரண்டு சதவீதம் முன்செலுத்தல் கட்டணம் என்றார்கள். இருபதாயிரத்தைக் கட்டுவதற்கு மேலும் 400 ரூபாய். அப்பாவின் மாதச் செலவில் அது சின்னத் தொகை அல்ல. எங்களுக்கு வரவேண்டிய வட்டி போகிறதே சார் என்று கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா கட்டினார்.

2003 வாக்கில் புதிதாகக் கடன் வாங்கியவர்களுக்கு எட்டு சதவீதத்தை ஒட்டியே வட்டி. அப்பாவுக்கோ மாறாத பதினைந்து. வேறு இடத்துக்கு மாற்றினாலும் அதே அபராதம். கடைசியில் வருங்கால வைப்பு நிதியில் இருந்து எடுத்து மொத்தமாக அடைத்தார். அதன் பிறகும் தாய்ப்பத்திரம் கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில். கேட்பதற்கு எங்களுக்கு ஒரு விதியும் இல்லை.

விதிகள் பின்னால்தான் வந்தன, முதலில் அபராதம் பற்றி. சொந்தப் பணத்தில் கடனை அடைப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று தேசிய வீட்டுவசதி வங்கி 2010ல் வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குச் சொன்னது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டியில் கொடுத்த வீட்டுக் கடன்களுக்கு முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வங்கி வாடிக்கையாளர் சேவை பற்றி ஆராய்ந்த தாமோதரன் குழு இதை வலியுறுத்தியிருந்தது. நியாயமான உத்தரவு. வட்டி ஏறினால் அந்தச் சுமையைக் கடன்காரர் தலையில் வைத்துவிட்டு, அவர் வெளியேற நினைத்தால் மட்டும் வாசலில் பணம் கேட்பது என்ன முறை?

ஆக அப்பாவுக்கு அடைத்திருந்த கதவு இன்று திறந்திருக்கிறது. நுழையத்தான் ஆள் குறைவு.

என் அக்கா மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான். 2023ல் முப்பது லட்சம் கடன், எட்டரை சதவீதம், இருபது ஆண்டு, தவணை 26,035. அடுத்த வருடம் போனஸ் ஒரு லட்சம் வந்தபோது, கடனில் கட்டு என்றேன்.

"எட்டரைதானே மாமா. எஸ்ஐபியில போட்டா பன்னிரண்டு வரும்னு எல்லாரும் சொல்றாங்க."

"வந்தா வரும். வரலேன்னா? இதுல மிச்சமாகிற எட்டரை நிச்சயம்பா, அதுக்கு வரியும் கிடையாது."

அவன் கேள்வி தவறானதல்ல. நீண்ட காலத்தில் பங்குச் சந்தை கூடுதலாகத் தரலாம். வட்டி பதினைந்தாக இருந்தபோது எழாத கேள்வி அது. ஆனால் வரிச் சலுகைக்காகக் கடனை வைத்துக்கொள்வது என்ற பழைய காரணம் பலருக்கு இப்போது பொருந்தாது. பழைய வருமான வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை. அவன் புதிய முறைக்கு மாறியிருந்தான்.

கணக்கை அவன் மடிக்கணினியிலேயே போட்டோம். முதல் மாதத் தவணையில் 21,250 வட்டி, 4,785தான் அசல். அம்மா விரல் வைத்த அதே கணக்கு, எண்கள்தான் பெரியவை. ஓராண்டு முடிந்த நிலையில் ஒரு லட்சம் கட்டினால் கடைசியில் 18 தவணை குறைகிறது. பதினேழு ஆண்டு கழித்து அதே ஒரு லட்சத்தைக் கட்டினால் ஐந்து தவணைதான் குறையும். ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டிவந்தாலும் இருபது ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுக்கு மேல் முன்னதாக முடிந்துவிடுகிறது. அவன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைபேசியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே கட்டிவிட்டான். வரிசை இல்லை, அபராதம் இல்லை.

ஆனால் இரண்டு நாளில் வந்த குறுஞ்செய்தி, அவன் தவணை 25,150 ஆகிவிட்டது என்றது. வங்கி காலத்தை அப்படியே வைத்துக்கொண்டு தவணையை 885 ரூபாய் குறைத்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தவணை குறைந்தால் கடன் முடியும்வரை மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ ஒரு லட்சம். தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்தால் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அவன் மின்னஞ்சல் எழுதிக் காலத்தைக் குறைக்கச் சொன்னான், செய்தார்கள். கேட்டிருக்காவிட்டால் செய்திருக்க மாட்டார்கள்.

கேட்காதவர்கள் பட்ட பாட்டை 2022ல் பார்த்தோம். மே முதல் அடுத்த பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதத்தில் இருந்து 6.5 ஆனது, வீட்டுக் கடன் வட்டியும் கூடவே ஏறியது. ஏறுவதற்குச் சற்று முன் 6.75க்கு முப்பது லட்சம் வாங்கியவரின் தவணை 22,811. வட்டி 9.25 ஆனபோது அந்தத் தவணை ஏறக்குறைய முழுவதும் வட்டிக்கே போயிற்று. தவணை மாறாததால் பலருக்கு விஷயமே தெரியவில்லை. காலம் மட்டும் ஓய்வு வயதைத் தாண்டி நீண்டது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, கொஞ்சம் முன்கூட்டிக் கட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்றது.

கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் எல்லாவற்றையும் வீட்டுக் கடனில் போடச் சொல்ல மாட்டேன். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதுதான் முதலில். நிலையான வட்டியில் வாங்கியவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும், அதில் கட்டணம் இருக்கலாம்.

முழுவதும் அடைத்துவிட்டால் கடன் கொடுத்தவர்கள் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தவறு அவர்கள் பக்கம் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறை. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. பத்திரம் வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் நீங்கியது பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். கடன் இன்னும் இளமையாக இருப்பவர்கள் அடுத்த போனஸ் வந்த வாரமே ஒரு பங்கைக் கட்டுங்கள். காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கேளுங்கள், புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்கிய பிறகுதான் விடுங்கள்.