டார்ச் பிடித்த படலம்

எங்கள் உறவில் யார் வீடு மாற்றினாலும், யார் பீரோ வாங்கினாலும், எந்தக் குலதெய்வக் கோயிலுக்கு அண்டா குண்டான் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். பாசம் காரணமல்ல. என் பெயரில் ஒரு டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அதில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டிருந்த என் மாமனார், முழங்கால் வலி வந்து வியாபாரத்தை விட்டபோது, "மாப்ள, இத வித்துப்புடாதீங்க. இது நம்ம வீட்டுப் பிள்ள" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவனுக்கு ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் வண்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாமனார் கொடுத்ததைக் கேள்வி கேட்ட மருமகன் எந்த ஊரில் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறான்?

அந்தப் பிள்ளைக்குத்தான் உடம்புக்கு வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் தலையிலிருந்து "டக் டக்" என்று ஒரு சத்தம். இழுவை குறைந்தது. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையில், மச்சினனின் சோபா செட்டுடன், இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போனோம். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக முந்தும்போது கண்ணாடியை இறக்கி, நாங்கள் விட்ட கரும்புகையை முன்னிட்டு என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

காட்டிய இடத்திலெல்லாம் ஒரே தீர்ப்பு. "இன்ஜின் இறக்கணும் சார்." இந்த மூன்று சொல்லையும் கேட்ட குடும்பஸ்தனுக்கு உடனே கண்முன் வருவது இன்ஜின் அல்ல, பாங்க் பாஸ்புக். கடைசியில் மாமனாரே தன் பழைய மெக்கானிக்கை அனுப்பி வைத்தார். அறுபது வயது இருக்கும். வந்தவர் யாரிடமும் பேசவில்லை. ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, ஓடுகிற இன்ஜினின் வாயில் உள்ளங்கையை வைத்தார்.

"மூச்சு திரும்பி அடிக்குது சார். உள்ள போற எடத்துல வெளிய வருது."

வெந்த புகையை வெளியே விடவேண்டிய வால்வு சரியாகத் திறக்கவில்லை. அடைபட்டுக் கிடந்த புகை, காற்று நுழைகிற வால்வு திறந்ததும் அந்த வழியாகவே பாய்ந்து வருகிறது. இதை அவர் உள்ளங்கையிலேயே படித்துவிட்டார். பிறகு இன்ஜினை நிறுத்தி ராக்கர் மூடியைத் திறந்து, தன்னுடன் வந்திருந்த ஐ.டி.ஐ. முடித்த தம்பியை ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னார். எட்டு ராக்கரில் ஏழு, வணக்கம் சொல்கிற அளவுக்கு நன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. ஒன்று மட்டும் கழுத்தை லேசாக அசைத்துவிட்டு நின்றுகொண்டது.

"மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட்டு. வேலை செய்யற மாதிரி நடிக்குது. கேம்ஷாப்ட் தேஞ்சிருச்சு."

நடிக்கிற ஆள் என்று அவர் சொன்னபோது என் மனைவி ஏன் என்னைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

கேம்ஷாப்ட் என்பது இன்ஜினின் வயிற்றுக்குள் படுத்திருக்கும் ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான இரும்புத் தண்டு. அதன்மேல் முட்டை வடிவில் புடைப்புகள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு புடைப்பும் தன் மேல் நிற்கும் டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ் ராடைத் தூக்கும். புஷ் ராடு ராக்கரைத் தட்டும். ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். எங்கள் சங்கத்தில் கடன் மனு எழுத்தரிடமிருந்து மேற்பார்வையாளருக்கும், அவரிடமிருந்து செயலாளருக்கும் போகிற அதே வரிசை. வித்தியாசம் ஒன்றுதான்: கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இந்தத் தண்டு ஒரு சுற்று. நிமிடத்துக்கு 2000 சுற்றில் வண்டி ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 முறை திறந்து மூடும். எங்கள் செயலாளர் கையில் அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

"இன்ஜின் இறக்க வேணாம். மூஞ்சியக் கழட்டிட்டு முன்னாடி வழியா உருவிரலாம்" என்றார் மெக்கானிக். பாஸ்புக் என் கண்ணைவிட்டு மறைந்தது. வேலை எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தடியிலேயே நடப்பதாக முடிவாயிற்று. வண்டிக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் எனக்கும் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது.

"சார், அந்த டார்ச்சக் கொஞ்சம் புடிங்க."

டார்ச் பிடிப்பது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் பிடித்துப் பார்த்ததில்லை. "இங்க அடிங்க சார்." "இங்கன்னா எங்கங்க?" "நான் பாக்கற எடத்துல." அவர் பார்க்கும் இடத்தைப் பார்க்க நான் குனிந்தால் என் தலை வெளிச்சத்தை மறைக்கும். நிமிர்ந்தால் வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கும். முன்பக்கக் கிரில், ரேடியேட்டர், ஃபேன், கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று வரிசையாகக் கழன்று வாசலில் பரவின. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்.

டைமிங் கவர் வெளியே வந்ததும் பல்லோடு பல் கோத்த சக்கரங்கள் தெரிந்தன. கிராங்கின் கியர், கேமின் கியர், டீசல் பம்ப்பின் கியர். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்று குறி உண்டு. ஆனால் இத்தனை வருட எண்ணெய் அழுக்கில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. டீசல் இன்ஜினில் காற்றைச் சுமார் 18-ல் ஒரு பங்காக நசுக்கினால்தான் அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றும். அதனால் மேலே வரும் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடம் கொஞ்சம்தான். ஒரு பல் மாறிக் கோத்தால் புகையும் திணறலும். இன்னும் மாறினால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும். மெக்கானிக் குறிகளைத் துடைத்துக் கண்டுபிடித்து, "வீட்ல நகப் பாலிஷ் இருக்குமா? எண்ணெய்ல அழியாது" என்றார். மகள் கொண்டுவந்தாள். வந்தவள் கொடுத்துவிட்டுப் போகாமல், "நீங்க போட்டா வழிஞ்சிரும் தாத்தா, நானே போடறேன்" என்று பல்லுக்குப் பல் நேர்த்தியாகப் பொட்டு வைத்தாள். "கை நடுங்காத புள்ள" என்று அவர் மெச்சினார். டார்ச் பிடித்த கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தண்டை உருவுவதில்தான் சூட்சுமம். மேலே நிற்கிற டேப்பட்டுகள் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அவற்றின் அடிப்பாகம் அகலம் என்பதால் மேல்வழியாக எடுக்க முடியாது. தண்டை உருவினால் பொதபொதவென்று கீழே விழும். புஷ் ராடு துளை வழியாகக் குச்சியை இறக்கி, டேப்பட்டின் மேல்குழியில் இறுகத் தட்டி, தூக்கிப் பிடித்துக் கட்டவேண்டும். "மூங்கில் கெடைக்குமா?" என்றார். எங்கள் வீட்டில் ஒரே மூங்கில், ஒட்டடைக் கம்பு. கம்பு பிளக்கப்பட்டது. தம்பி எட்டுக் குச்சிகளைச் சீவினார். பூக்கடை ரப்பர் பேண்டுகள் என் மகன் பள்ளிப் பையிலிருந்து வந்தன. எட்டு டேப்பட்டும் அந்தரத்தில் தொங்க, தண்டு அங்குலம் அங்குலமாக முன்னால் வந்தது. புடைப்பு எதுவும் உள்ளே இருக்கிற புஷ்ஷில் கீறிவிடக் கூடாது என்று மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அந்த நிசப்தத்தில் தலைமையாசிரியர் ஆரம்பித்தார். "ருடால்ஃப் டீசல் 1897-லயே இந்த இன்ஜின ஓட்டிக் காட்டிட்டார். 1900-ல பாரிஸ் கண்காட்சியில ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெய்லயே ஓடிச்சு."

"கடலை எண்ணெய் விக்கற வெலைக்கு நாமளே தாளிக்க யோசிக்கறோம்" என்றாள் மனைவி.

"பாவம், 1913-ல ஆன்ட்வெர்ப்லேர்ந்து இங்கிலாந்துக்குக் கப்பல்ல போனவர், ராத்திரியோட ராத்திரியா காணாம போயிட்டார்."

மெக்கானிக் தலையைத் தூக்காமலே சொன்னார். "எந்தப் பார்ட்டிக்கு டெலிவரி தேதி சொல்லியிருந்தாரோ."

தண்டு போன குகைக்குள் நெடுக்கப் பிளந்த பி.வி.சி. பைப்பைச் செருகி, ஒவ்வொரு குச்சியாகத் தளர்த்தி, விழுகிற டேப்பட்டை வாய்க்கால் வழியாக வெளியே இழுத்தார்கள். எது எந்தப் புடைப்பில் நின்றது என்று வரிசை மாறாமல் வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். நாலு குழி இட்லித் தட்டு இரண்டு. எட்டு டேப்பட்டும் குப்புறப் படுத்துக்கொண்டன. ஏழு டேப்பட்டின் அடியில் கண்ணாடிப் பளபளப்பும் வட்ட வட்டமான ரேகையும் இருந்தன. ஆறாவது குழியில் இருந்ததில் மட்டும் நடுவே கிண்ணமாகப் பள்ளம். நகத்தை வைத்தால் நகம் தடுக்கியது.

"டேப்பட் மேலயும் கீழயும் போனா மட்டும் போதாது சார். தன்னால சுத்தணும்" என்று விளக்கினார். அது சுற்றுவதற்காகவே புடைப்பின் முகத்தை நூலளவு சாய்த்து, டேப்பட்டின் அடியை நூலளவு குவித்துக் கடைந்திருப்பார்கள். சுற்றுகிறவரை தேய்மானம் வட்டம் முழுக்கப் பரவும். சுற்றுவது நின்றால் ஒரே இடத்தில் உரசி அதுவும் தேய்ந்து, தண்டையும் தேய்த்துவிடும்.

"ஒரே எடத்துல உக்காந்தா இப்படித்தான்" என்றாள் மனைவி. வராந்தா ஈஸி சேர் அப்போது காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

புதுத் தண்டு வந்தது. பழைய டேப்பட் ஏழு நன்றாகத்தானே இருக்கிறது, அதையே போட்டால் மிச்சம் என்று கணக்கெழுதுகிறவனின் புத்தி சொல்லிற்று. பழையது வேறொரு தண்டோடு பழகிய முகம், புதுசோடு போட்டால் புதுசையும் தின்றுவிடும் என்று மெக்கானிக் கையை விரித்தார். எட்டும் புதிதாக வந்தன. அடுத்த சிக்கல், பழைய தண்டில் இருந்த கியரைப் புதுத் தண்டுக்கு மாற்றுவது. லேத்துப் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றிக் கொண்டுவந்தாயிற்று. ஏற்றும்போது சூடாக்கி, விரியவைத்துத்தான் ஏற்றவேண்டும். "எண்ணெய்ல போட்டுக் காய்ச்சணும். சீரா சூடு ஏறும். ஒரு வாணலி வேணும்."

பரணிலிருந்து பழைய வாணலி இறங்கியது. வாசலில் ஸ்டவ். எண்ணெய்க்குள் கியர் அமிழ்ந்தது. "நூத்திருபது டிகிரி போதும்" என்றார் மெக்கானிக். அதை எதில் பார்ப்பது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்க, மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "வடைக்குக் காயறதுக்கு முன்னாடி ஒரு சூடு இருக்கு. அதானே?" அவர் தலையாட்டினார். அவள் எண்ணெயின் மேல் தெரிந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எடுங்க" என்றாள். தம்பி இடுக்கியால் எடுத்தார். கெட்டியாகப் பிடித்திருந்த தண்டின் மேல் கியர் வழுக்கிக்கொண்டு போய், சாவி காடியில் சரியாக உட்கார்ந்து, அடுத்த நொடி இறுகிவிட்டது. தெருவில் கைதட்டல். எண்ணெய் காய்கிற பதம் அறிந்தவளுக்கு இன்ஜினும் ஒரு பலகாரம்தான் என்று அன்று எனக்குப் புரிந்தது.

புது டேப்பட்டுகள் பைப் வாய்க்காலில் போய், மேலிருந்து கம்பியில் தூண்டில் போட்டுத் தூக்கப்பட்டன. தண்டு உள்ளே போயிற்று. சிவப்புப் பொட்டும் சிவப்புப் பொட்டும் சந்தித்தன. வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துத் தாள் உரசுகிற பதத்துக்கு வைத்தார்கள். மூஞ்சி மாட்டியாயிற்று.

"சார், இனிமே உங்க வேலை" என்றார் மெக்கானிக். எனக்கு நெஞ்சு படபடத்தது. புதுக் கேம்ஷாப்ட் போட்ட இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சும்மா ஐடிலில் விடக் கூடாது. அதன் புடைப்புகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் வாரி இறைத்துத்தான் போய்ச் சேரும். மெதுவாக ஓடினால் இறைப்பு போதாது. அதனால் 2000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓடவேண்டும். ஆக்ஸிலேட்டரை அமுக்கிக்கொண்டு உட்காரும் ஆள் வேண்டும். ஒரே இடத்தில் அசையாமல் உட்காரும் தகுதி எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

அந்த இருபது நிமிடமும் தெருவில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பையன்களின் அம்மாக்கள் வாசலுக்கு வந்து என்னை நோக்கி ஏதோ சொன்னார்கள். உதட்டசைவை வைத்து அவை வாழ்த்துகள் அல்ல என்று ஊகித்தேன். மெக்கானிக் கையை உயர்த்தினால் கூட்டினேன், தாழ்த்தினால் குறைத்தேன். கடைசியில் அவர் கட்டைவிரலைக் காட்டி, ஏர் கிளீனர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். மூச்சு உள்ளேதான் போயிற்று.

இப்போது எனக்கு எந்த வண்டிச் சத்தமும் வெறும் சத்தமாகக் கேட்பதில்லை. சங்கத்தில் யாராவது பைக்கைப் பற்றிப் பேசினால்கூட டேப்பட் சுற்றுகிறதா என்று விசாரிக்கிறேன். போன வாரம் திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் தெளிவாக ஒரு "டக் டக்" கேட்டது. டிரைவர் பக்கம் சாய்ந்து, "அண்ணே, டேப்பட் சத்தம் கேக்குது. கேம்ஷாப்டு தேஞ்சிருக்கலாம், அப்படியே விட்டுறாதீங்க" என்று அக்கறையோடு சொன்னேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது உங்க சீட்டு ஜன்னல் கண்ணாடி சார். கையால புடிச்சுக்கிட்டீங்கன்னா நின்னுரும்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தேன்.