செம்பருத்தித் தேநீர்

கேள்வி: தேயிலையே சேராத செம்பருத்திச் சாற்றைத் தேநீர் என்பது முறையா?

பதில்: தேயிலைச் செடியின் இலையிலிருந்து இறங்குவதே தேநீர் என்பது இலக்கணமாயினும், எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய் என்னும் சொல்லைத் தேங்காய்க்கும் மண்ணுக்கும் தாராளமாக வழங்கிவிட்ட தமிழுக்கு இது பெருங்குற்றமன்று. தட்டிய இஞ்சியும் இரண்டு கிராம்பும் ஒரு துண்டுப் பட்டையும் இட்டுக் கொதிக்கவைத்து இறக்கிய இரண்டு குவளை நீரில், காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கிய ஐந்து பூக்களின் இதழ்களைப் போட்டு 5 நிமிடம் மூடிவைத்தால், இதழ்கள் வெளுத்து நீர் ஊதாவாகும். வடிகட்டித் தேன் கலந்து எலுமிச்சை பிழிந்ததும், அமிலம் பட்டால் சிவக்கும் ஆந்தோசயனின் என்னும் இயற்கை நிறமியால், தேயிலை இல்லாத குட்டு வெளிப்பட்டதற்கு நாணியதுபோல் அது சிவந்துவிடுகிறது.