செடிக்கும் நைட் ஷிஃப்டா?

கேள்வி: கிறிஸ்துமஸுக்குச் சிவக்கும் என்று சொல்லிக் கொடுத்த பாயின்செட்டியா, போன வருடம் கடைசிவரை பச்சையாகவே நின்றதே, ஏன் சார்?
ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: வீடு சிப்காட் தொழிற்பேட்டை பக்கமா? விடிய விடிய எரியும் விளக்கு வராந்தாவில் விழுந்தால் செடியும் நைட் ஷிஃப்ட்தான் பார்க்கும். ஓவர்டைம் கேட்காதவரை லாபம்! அக்டோபர் தொடக்கத்திலிருந்து சுமார் 8 வாரம், மாலை 5 முதல் காலை 8 வரை அதற்குக் கும்மிருட்டு வேண்டும். அட்டைப்பெட்டியைக் கவிழ்க்கலாம், ஐப்பசி மழையில் ஊறிப்போகும் என்பதால் கறுப்பு வாளி உத்தமம். பகலில் வெயில் காட்டுங்கள். சிவந்துவிட்டதா என்று நடுராத்திரியில் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். சிவப்பது பூவே அல்ல, இலைதான். நிஜப் பூ நடுவில் மஞ்சளாக, மிளகளவுக்கு இருக்கும். மின்வெட்டு வந்தால் திட்டாதீர்கள், செடிக்கு அன்றைக்குத்தான் லீவு.